சந்தன நிறச் சட்டை

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடிக் கொடியில் இன்று ஒரு காப்பிக்கொட்டை நிறச் சட்டை காய்ந்தது. எங்கள் வீட்டுச் சட்டை இல்லை. எங்கள் கடைத் துணியும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் துரைராஜ் ஜவுளிக்கடையில்தான் கிடக்கிறேன். செஞ்சி கடைத்தெருவில் யார் எதிரே வந்தாலும் முதலில் துணியைப் பார்ப்பேன், அப்புறம்தான் முகம். எந்தக் கடை, எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். இந்தச் சட்டை எனக்குப் பிடிபடவில்லை. காலருக்குள் யாரோ ஒருவருடைய சலவைக் குறி வேறு.

ஹரியைக் கேட்டேன்.

"ஃப்ரெண்டுது மா."

"உன்னுது எங்க?"

"அவன்கிட்ட இருக்குது."

அதற்கு மேல் கேட்பதற்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை, ஜவுளிக்கடைக்காரன் மகன், அடுத்தவன் சட்டையில் திரிகிறான். இவனுக்கு என்ன குறை வைத்தோம்?

செப்டம்பர் 16, செவ்வாய்

அந்தச் சட்டையை முகர்ந்து பார்த்தேன். சிகரெட் இல்லை, பிராந்தி இல்லை, எந்தப் பெண்பிள்ளையின் சென்ட்டும் இல்லை. வெறும் சோப்பு வாசனை. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடித்தான் போனது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஹரி குளிக்கப் போனதும் அவன் பீரோவைத் திறந்தேன். சந்தன நிறச் சட்டையைக் காணோம்.

அவன் பிறந்தநாளுக்கு நானே தேர்ந்தெடுத்த லினன் துணி. இரண்டாம் முறை துவைத்தபோது மூன்றாவது பொத்தான் தெறித்துவிட்டது. என் டப்பாவிலிருந்து கொஞ்சம் அழுத்தமான நிறத்தில் ஒரு பொத்தான் எடுத்து மஞ்சள் நூலால் தைத்தேன். அந்தச் சட்டை இருந்த இடத்தில் பச்சைக் கட்டம் போட்ட ஒரு சட்டை மடித்து வைத்திருக்கிறது.

இந்தத் துணியை எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின வருஷம் எங்கள் கடையில் விற்காமல் நின்றது. வாசலில் தள்ளுபடி என்று எழுதித் தொங்கவிட்டும் ஒருவரும் தொடவில்லை. அப்படி நின்றுபோகிற துணிக்கட்டைத் தீபாவளிக்குக் கடை ஆட்களுக்கு வெட்டிக் கொடுப்பது என் மாமனார் காலத்து வழக்கம். ஆளுக்கும், ஆள் வீட்டுப் பையன்களுக்கும் எல்லாம் ஒரே கட்டிலிருந்து. ஆக இது கடை ஆள் ஒருவர் வீட்டிலிருந்து வந்த சட்டை. எப்படி வந்தது?

"சந்தனச் சட்டை எங்கடா?" என்றேன். "இருக்கும் மா, நல்லா பாரு" என்றான், என் முகத்தைப் பார்க்காமலே. இவரிடம் சொன்னேன். "காலேஜ் பையன் எங்கியாவது கழட்டிப் போட்டுட்டு வந்திருப்பான். உனக்கு இன்னா டென்ஷன் மனோ?" என்று பேப்பரைப் புரட்டினார். அப்பனுக்கும் தெரியுமோ? இரண்டு பேருமாகச் சேர்ந்து எதையாவது மறைக்கிறார்களோ?

செப்டம்பர் 26, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

கோயிலுக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றவர்களில் குரு இருந்தான். எங்கள் கடையில் துணி எடுத்துப் போடும் பச்சைமுத்துவின் மகன். அவன் உடம்பில் சந்தன நிறச் சட்டை. கடையில் ஆயிரம் சந்தன நிறம் இருக்கலாம், மூன்றாவது பொத்தான் மட்டும் அழுத்தமாக, மஞ்சள் நூலில் தைத்தது ஒன்றே ஒன்றுதான். என்னைப் பார்த்ததும் "வணக்கம் அத்தை" என்று சிரித்தான். என்ன தைரியம்!

கடைச் சாவியைக் கொடுக்கப் பச்சைமுத்து தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். போன மாதம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கும் போனார். கொடியிலிருந்து நல்லதை உருவிக்கொண்டு, இடம் காலியாகத் தெரியாமலிருக்க மகனின் பழையதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இந்தப் பிள்ளை பார்க்காமல் கொள்ளாமல் அதை மடித்து வைத்திருக்கிறது. எல்லாம் பொருந்தி வருகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தீபாவளிக் கூட்டம் மெல்ல ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நாளாக பச்சைமுத்துவைக் கவனிக்கிறேன். வழக்கத்தைவிட மரியாதையாக இருக்கிறார். நான் கேட்காமலே எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். எதற்கு?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடையைக் கழுவிவிட்டு, மீட்டர் கோல், தையல் மெஷின், பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பச்சைமுத்து தன் கத்தரிக்கோலைத் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அவர் சொந்தமாக வாங்கியது. வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

பொரி கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பச்சைமுத்து, உன் பையன் சந்தனக் கலர்ல ஒரு சட்டை போட்டுனு இருந்தானே, அது எங்கேர்ந்து வந்துது?"

அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கையிலிருந்த பொரியைத் தட்டிலேயே திரும்பக் கொட்டினார்.

"தெரியலங்க மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

பில் போடும் ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள். இவர் என்னைப் பார்த்து முறைத்தார். முறைக்கட்டும். பொருள் போனது என் வீட்டிலிருந்துதானே!

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பூஜையில் வைத்ததை அவரவர் எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும். ஷோபனா ஒரு பில் போட்டாள். தையல்காரர் ஒரு தையல் ஓட்டினார். கத்தரிக்கோலை எடுக்க பச்சைமுத்து வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கேட்டுட்டு வரேன் என்று போனவர் ஏன் வரவில்லை? பதில் இருந்தால் வந்திருப்பாரே.

அக்டோபர் 5, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது?

சாப்பிடும்போது ஹரியிடம் பெருமையாகச் சொன்னேன். உன் சட்டைத் திருடனைப் பிடித்துவிட்டேன், இனி வரமாட்டான் என்றேன். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"நான்தான்மா குருவுக்குக் குடுத்தேன். அவனுத நான் வாங்கினேன். அந்தப் பச்சைக் கட்டம் அவனுது."

"அப்ப ஏன்டா கேட்டப்ப சொல்லல?"

"பொறந்தநாள் சட்டை, சொன்னா நீ அழுவ. அதான் சொல்லல."

தொண்டூர்ப் பெண் ஜெயஸ்ரீ என்று ஒருத்தி அவன் வகுப்பில் படிக்கிறாளாம். அவளும் இவனும் குருவும் இன்னும் சிலரும் சேர்ந்து சிங்கவரம் ரோட்டில் மூடிக் கிடக்கும் ரைஸ் மில் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை துணி மாற்றிக்கொள்கிறார்களாம். ஒன்று கொண்டுபோனால் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்துக்குப் புதுசே எடுப்பதில்லையாம். ஒரு சட்டைக்குப் பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர் போகிறது தெரியுமா என்று எனக்குப் பாடம் வேறு. தண்ணீர் இல்லாவிட்டால் துவைக்காமல் போடுங்கடா என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் புதுத்துணி விற்றுத்தானே இவன் பஸ் ஏறிப் படிக்கப் போகிறான்!

அப்புறம் அவன் சொன்னதுதான் தூங்க விடவில்லை.

"தண்ணி மட்டும் இல்ல மா. பஸ்ல குருவும் அவன் தம்பியும் நம்ம கடை தங்கராசு அண்ணன் பையனும் ஒரே துணில ஏறுவாங்க. 'துரைராஜ் கடை யூனிஃபார்ம் வருது'ன்னு கத்துவாங்க. வருஷா வருஷம். நானும் சிரிச்சிருக்கேன் மா. இப்ப அந்தச் சட்டைய நான் போட்டுனு போறேன், எவனும் கத்தறதில்ல. இப்ப எவன் துணி எவன் மேல இருக்குதுன்னு எவனுக்கும் தெரியாது."

நான் மட்டமான துணியா கொடுத்தேன்? காசு கொடுத்து வாங்கின சரக்குதானே. விற்கவில்லை, அவ்வளவுதான். இனாமாகத்தானே கொடுத்தோம்? நாலு பேர் வேண்டாம் என்று தள்ளினதைத்தான் கொடுத்தோம் என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

நம்பிக்கை வரவில்லை. அந்த ஜெயஸ்ரீக்கும் இவனுக்கும் வேறு ஏதாவது இருந்தால்? கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து மில்லுக்குப் போனேன்.

கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். துவைத்து இஸ்திரி போட்ட துணிகள்தான். பிள்ளைகள் உடம்பில் வைத்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எங்கள் கடையில் எவ்வளவு எடுத்துப் போட்டாலும் இந்த வயசுப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைத்தான் பார்ப்பார்கள். பழக்கத்தில் ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இது யாருடையது, இது எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒன்றும் பிடிபடவில்லை.

வெயிலில் கறுத்த ஒரு பெண் வந்தாள். "அத்தை, நீங்க இன்னா எடுத்துனு வந்தீங்க?" என்றாள். இவள்தான் ஜெயஸ்ரீ. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. "சும்மா பாக்க வந்தேன்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஜவுளிக்கடைக்காரி நான், கையில் ஒரு துணி இல்லாமல் நின்றேன். ஹரி கொட்டகையின் அந்தக் கோடியில் இருந்தான். என்னைப் பார்த்தானா இல்லையா தெரியாது.

அவர்களுக்குள் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றுகிறது. இன்னும் நிச்சயமில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பச்சைமுத்து வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். காப்பியும் கொடுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். தப்பாகக் கேட்டுவிட்டேன், நாளைக்குக் கடைக்கு வா என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதே, அது போதும் மா. நீங்க என்னைச் சந்தேகப்பட்டீங்க. நான் வூட்டுக்கு வந்து என் புள்ளையச் சந்தேகப்பட்டேன். 'நண்பன் குடுத்தான் நைனா'ன்னு சொன்னான். முதலாளி புள்ள உனக்கு எதுக்குடா குடுப்பான்னு கேட்டு அடிச்சிட்டேன். வளர்ந்த புள்ள மா. இன்னும் எங்கிட்ட பேசல."

குரு உள்ளே இருந்தான். வெளியே வரவில்லை. அன்றைக்கு வணக்கம் அத்தை என்றவன். காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். வந்ததிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன், இவர் கேட்டால் தலைவலி என்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

கடை ஆட்களுக்குத் துணி கொடுக்கும் நாள். இவர் விற்காத ஊதாத் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வையுங்கள் என்றேன். "எந்த அலமாரியிலேர்ந்து வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஆளுக்கு ஒண்ணு, அவங்கவங்களுக்குப் புடிச்சது." ஷோபனா நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டாள். என்ன உள்நோக்கமோ என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். என்னை அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

பச்சைமுத்துவுக்கு எடுத்து வைத்தது அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஹரி கூடத்துக்கு வந்தான். பலகையில் இவருக்கு வேட்டி, எனக்குப் புடவை, அவனுக்குச் சட்டை, மூன்றின் முனையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தேன். அவன் பச்சைக் கட்டச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மா... நான் இதையே..."

இவர் எழுந்தார். இன்று வீட்டில் ரகளைதான் என்று நினைத்தேன். வருஷத்தில் ஒரு நாள், அப்பன் கையால் புதுசு வாங்காமல் ஒரு பிள்ளையா? எனக்கும் கோபம்தான். இப்போதும் கோபம்தான்.

ஆனால் அந்தச் சட்டையை அவன் கையிலிருந்து வாங்கினேன். காலர் ஓரம் நைந்திருந்தது. மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து அதன் முனையிலும் தடவி இவரிடம் கொடுத்தேன். இவர் என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவனிடம் நீட்டினார். அவன் காலில் விழுந்து வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 3, திங்கள்

பச்சைமுத்து எதிர்வாடையில் பாண்டுரங்கன் கடையில் சேர்ந்துவிட்டார் என்று ஷோபனா சொன்னாள். எனக்கு முன்பே தெரியும். தினமும் பார்க்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கடை மூடப்போகும் நேரம் பச்சைமுத்து உள்ளே வந்தார். படியேறும்போது செருப்பை வெளியே விட்டார், பழைய வழக்கம்.

"என் கத்தரிக்கோல் இங்கியே இருக்குது மா."

சாமி படத்துக்கு முன்னால் வைத்தது வைத்தபடி இருந்தது. யாரையும் தொட விடவில்லை, தூசி மட்டும் நான் துடைப்பேன். எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"குரு பேசறானா?" என்றேன்.

"பேசறான் மா."

அவ்வளவுதான். தெருவைக் கடந்து எதிர்க்கடைப் படியேறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போட்டிருந்தது நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட சட்டை. எங்கள் கடைத் துணி இல்லை. பாண்டுரங்கன் கடையிலும் அப்படி ஒரு சரக்கு வந்து நான் பார்த்ததில்லை. யாருடையது, எங்கிருந்து வந்தது என்று நாக்கு நுனி வரை வந்தது.

கேட்கவில்லை.