கடிதம் போய்ச் சேராத இரண்டு நாள்

அம்பத்தூர்
ஜனவரி 4

அன்புள்ள வித்யாவுக்கு,

ஸ்வீட்லின் எழுதிக்கொள்வது. நீயும் அண்ணனும் பாப்பாவும் நலம்தானே? இங்கே நானும் ஜெர்வினும் சுகம். பூனாவில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்கிறார்கள். உன் அப்பாவுக்கு, எனக்கு எப்போதும் அங்கிள்தான், காலை எடுத்த இடம் குளிருக்கு வலிக்கிறதா?

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பார்சல் வந்தது. சேலையோடு இருந்த அட்டையில் அங்கிள் தன் கையாலேயே ‘என் இரண்டாவது மகளுக்கு’ என்று எழுதியிருந்தார். எழுத்து கோணிக்கொண்டு போகிறது, ஆனால் ஒரு பிழை இல்லை. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுது வைத்துவிடுவேன் என்று ஜெர்வின் சொன்னார். அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிடு.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கேட்டபோதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நாற்பத்து மூன்று கம்பெனிகளுக்கு வரும் மெயிலைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் எங்களுடையது. குப்பை மெயிலைத் தடுப்பது என் பொறுப்பு. அதற்கு ஒரு கருவி இருக்கிறது. பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஒரு மெயிலைக் காட்டி ‘ரிப்போர்ட்’ என்று தட்டினால், கைரேகை எடுப்பதுபோல அதன் அடையாளத்தை எடுத்து ஒரு பொது இடத்துக்கு அனுப்பிவிடும். பிறகு அதே கருவியை வைத்திருக்கிற எந்த ஊர் ஆபீஸுக்கு அந்த மெயில் வந்தாலும் உள்ளே விடாது. யார் சொன்னது என்பதற்கும் மதிப்பு உண்டு. ஆறு வருஷமாகச் சரியாகச் சொல்லி வந்ததால் என் பேச்சு அங்கே எடுபடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அக்டோபரில் அங்கிள், மறதி நோயில், பழைய கம்பெனிக்கு வேலைக்குப் போவதாக நினைத்துக் கிளம்பிக் காணாமல் போன சனிக்கிழமைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை. இரண்டு நாள் லீவில் சந்தேக மெயில் முந்நூறுக்கு மேல் சேர்ந்திருந்தது. ஒவ்வொன்றையும் திறந்து படித்துவிட்டுத்தான் ரிப்போர்ட் செய்ய வேண்டும், அதுதான் விதி. பாதி முடிக்கும்போது, சித்ரா மேடத்துக்குப் பிறந்தநாள், கேக் வெட்டப் போகிறோம் வா என்று கூப்பிட்டார்கள். மீதியின் தலைப்புகளை மட்டும் மேலோட்டமாகப் பார்த்தேன். ‘அவசரம், தயவுசெய்து உதவுங்கள்’ என்று ஒன்று. புதிதாகத் தொடங்கிய முகவரி, ஒரே கடிதம் நூற்று அறுபது பேருக்கு, கூடவே ஒரு படம். ஏமாற்றுக்காரர்கள் அனுப்புவது அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். மொத்தத்தையும் ஒரே கட்டளையில் ரிப்போர்ட் செய்துவிட்டுக் கேக் சாப்பிடப் போனேன்.

அது நீ அனுப்பிய கடிதம், வித்யா. அந்தப் படம் அங்கிளுடையது.

நமக்குள் ஏழெட்டு வருஷமாகத் தொடர்பு விட்டுப்போயிருந்தது. செவ்வாய் சாயங்காலம் எப்படியோ என் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாய். எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனிக்கும் எழுதினேன், ஒருத்தர்கூட பதில் போடவில்லை, கல்நெஞ்சுக்காரர்கள் என்று அழுதாய். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நானும் உன்னோடு சேர்ந்து அவர்களைத் திட்டினேன்.

புதன்கிழமை நானும் ஜெர்வினும் வண்டியில் போஸ்டர் ஒட்டிக்கொண்டு போனோம். திருமுல்லைவாயில் முழுக்க முடித்துவிட்டு மண்ணூர்பேட்டைக்கு வந்தோம். அங்கே ஒரு கம்பெனி வாட்ச்மேன், பெயர் நாகேந்திரன், போஸ்டரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னாம்மா சொல்ற? இந்தப் பெரியவர் நேத்து காலைல இங்கதான் குந்திகினு இருந்தாரு. ஷிஃப்டுக்கு நேரமாச்சு, கேட்டைத் தொறன்னாரு. கால்ல புண்ணு வேற. தண்ணி குடுத்து, ஊட்டுக்குப் போ நைனான்னு அனுப்சிட்டேன். காணாம போனவங்க மெயில் வந்தா மேனேஜர் கேட்டுல ஒட்டிடுவாரு. ஒட்டியிருந்தா நான் உட்டிருப்பேனா?” என்றார்.

அந்தக் கம்பெனியின் மெயிலும் எங்களிடம்தான். ஆபீஸுக்கு ஓடிப்போய்ப் பதிவைப் பார்த்தேன். தடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். படத்தைத் திறந்தேன். நம் குவார்ட்டர்ஸ் காலத்தில் என்னையும் உன்னையும் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்ட அதே முகம்.

சொன்னது தப்பு என்று திரும்பப் பெறவும் ஒரு கட்டளை உண்டு, ‘ரிவோக்’ என்று. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைத் தட்டியதில்லை. இரண்டு முறை தப்பாகத் தட்டி, மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. எங்கள் பிடியில் நின்ற உன் கடிதங்களை எல்லாம் உள்ளே விட்டேன். வியாழக்கிழமை காலையில் பல கேட்டுகளில் அந்தக் காகிதம் தொங்கியது.

வெள்ளிக்கிழமை வேப்பம்பட்டு ஸ்டேஷனில் அங்கிளை அடையாளம் கண்ட உதயகுமார், லேத் பட்டறைக்காரர், எதைப் பார்த்து அடையாளம் கண்டார் தெரியுமா? போஸ்டரை என்று உனக்குச் சொன்னேன். பொய். தன் கம்பெனி கேட்டில் ஒட்டியிருந்த உன் கடிதத்தைப் பார்த்துத்தான். அங்கிளைக் கண்டுபிடித்தது நான் இல்லை, நீ. நான் அதை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சர்க்கரை உடம்பு, இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் விரல்களோடு போயிருக்கும், இப்போது முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். நீ இல்லையென்றால் என் அப்பா இல்லை என்றாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வித்யா, சத்தியமாகத் திறந்தேன். காப்பி வாங்கி வரட்டுமா என்றுதான் வந்தது.

ஆபீஸில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இனி இரண்டு பேர் படித்த பிறகுதான் ரிப்போர்ட் என்று மாற்றியிருக்கிறார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை; யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றார்கள். நீயும் அப்படிச் சொல்லிவிடாதே. கோபம் வந்தால் கோபப்படு. ஆனால் கோபத்தோடாவது ஒரு வார்த்தை எழுது.

அங்கிளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் முடிவு. அடுத்த மாதம் செயற்கைக் கால் பொருத்தப் போவதாக எழுதியிருந்தாய். வலியில்லாமல் அவர் எழுந்து நிற்க வேண்டும், உன் கையைப் பிடித்து வாசல் வரை நடக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன். ஆண்டவர் உங்கள் மூவரையும் அவரையும் காப்பாராக. பாப்பாவுக்கு முத்தம்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் ‘உன்’ என்று போட்டுத்தான் கையெழுத்து வைப்பேன். இனி போடலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்வீட்லின்