முந்நூற்றுப் பன்னிரண்டு சைகைகள்

மார்ச் 4

அண்ணியின் கணினி இன்று என் கைக்கு வந்தது. கண் விழிக்கவே கால் மணி நேரம் எடுக்கிறது. “புது ஓ.எஸ். போட்டா குதிரை மாதிரி ஓடும் அண்ணி” என்று பீற்றிக்கொண்டேன்.

அவர் காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியர். கையால் சொல்லும் சொற்களை நான்கு வருடமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. “பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துக்கலாமா தம்பி?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன். “எல்லாத்தையும் டி டிரைவுக்கு மாத்திட்டேன். சி-யை மட்டும்தான் அழிப்போம். டி பக்கம் ஒரு ஈ கூடப் போகாது.”

மார்ச் 5

ஐயோ.

‘இந்த வட்டில் நிறுவ முடியாது’ என்று திரை அடம்பிடித்தது. அங்கே சி, டி என்ற பெயரெல்லாம் இல்லை. பகுதி ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான். எரிச்சலில் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அழித்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. டி-யில் இருந்த அண்ணியின் படங்களும் அதோடு போயின. டி என்பதும் அதே வட்டின் ஒரு பகுதிதான் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவனாச்சே நான்!

மார்ச் 6

மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பதினேழு துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் அண்ணியின் கை பாதியில் நிற்கிறது. என்ன சொல் என்று தெரியவில்லை.

அண்ணி வந்து கேட்டார். வாய் தானாகச் சொன்னது: “டிஸ்க் பழசு அண்ணி. அதுவே போயிடுச்சு.”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. “நீ என்ன பண்ணுவ தம்பி, சாப்பிட்டியா?” என்றார். போய்ச் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 8

அந்த டிஸ்கைப் பழையதாக வாங்கிப் போட்டவர் அண்ணன். “பழசு வேணாம்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!” என்று அண்ணி சத்தம் போட்டார். நான் பக்கத்து அறையில் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றினேன், பிரித்தேன், மறுபடி சுற்றினேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நடுவே ஒரு சுவர்தான்.

மார்ச் 9

சொல்லவில்லை.

மார்ச் 10

இன்றும் இல்லை. சீ, என்ன ஜென்மம்டா நீ?

மார்ச் 11

அண்ணன் புது டிஸ்க் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். “நீயே மாட்டிடுடா. நான் தொட்டா விளங்காது.”

அதற்கு மேல் முடியவில்லை. சமையலறைக்குப் போய், இருவர் முன்னாலும் சொன்னேன். “டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அழிச்சேன். பொய் சொல்லிட்டேன்.”

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி கேட்டது ஒன்றுதான்: “அன்னிக்கு நான் இவரைத் திட்டினப்போ, பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?”

மார்ச் 12

இருந்தீங்க. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை ‘நீ’ என்றுதான் சொல்வார். அதற்குப் பதில் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 19

அண்ணி எல்லாவற்றையும் மறுபடி எடுக்கப் போகிறாராம். நான் கேமரா பிடிக்கவா என்று கேட்டேன். “உங்க இஷ்டம்.”

பள்ளி முடிந்ததும் வகுப்பறையில் ஒன்பது சைகைகள் எடுத்தோம். பென் டிரைவில் ஒரு பிரதி, தனி டிஸ்கில் ஒன்று. இரண்டையும் அண்ணியே எண்ணிப் பார்த்தார். என்னை நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

ஏப்ரல் 2

முப்பத்தெட்டு. வேலையைத் தவிர வேறு பேச்சில்லை.

ஏப்ரல் 23

நூற்று நான்கு. ஒரு சிறுமி என்னைக் காட்டி, கையால் அண்ணியிடம் ஏதோ கேட்டாள். அண்ணியும் கையாலேயே பதில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அண்ணி பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார்.

“ரெண்டுலயும் ஏத்திட்டு, நீயே எண்ணிப் பாத்துட்டு வா தம்பி. நான் முன்னால போறேன்.”

மூன்று முறை எண்ணினேன்.