நாற்றமில்லாத கிணறு

இசக்கியம்மன் துணை
மட்டாஞ்சேரி

அன்பு மகன் இசக்கிதுரைக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பொன்மணி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், கனடாக் குளிரில் கை கால் விறைக்காமல் நீயும் சுகமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம். போனில் எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பொன்மணி நடுவில் தன் புத்தகப் படிப்பையும் சேர்ப்பாள், பொறுத்துக்கொள்.

போன வாரம் வேலியேற்றத்தில் கடல் பொங்கி, காயல் தண்ணீர் அடுக்களை வரை வந்துவிட்டது. மழை இல்லை, நல்ல வெயில், தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் வந்து நின்றது. உன் தங்கை கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டு, கூரை ஓடெல்லாம் தண்ணீரில் தலைகீழாக ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு ஜிஷா சேச்சி, ஆவுடைச் சேச்சியே, கடல் சாயா குடிக்க வந்திருக்கு, பால் உண்டா என்றாள். உன் வேலையைக் கேட்டாள். கைவிட்ட பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குள் சிமெண்ட் இறக்கி அடைக்கிறான் என்றேன். அய்யோ, கிணறு தோண்டத்தான் ஆள் விளிப்பாங்க, மூடவுமா விளிக்கிறாங்க என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோதுமை வயல் நடுவே ஒரு கிணற்றில் குனிந்து பார்த்தேன், ஒண்ணும் நாறல, அதனால வாயு பார்க்கிற மீட்டரை வண்டியிலேயே விட்டுட்டேன் என்றாயே. அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டார். சோற்றிலும் கை வைக்கவில்லை. இத்தனை வருடம் கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை வேலை பார்த்தும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், அன்றைக்குத்தான் வாய் திறந்தார். கடைத்தெருப் பக்கம் ஒரு குழிக்குள் அவருடைய கூட்டாளி வீரபாண்டி இறங்கியிருக்கிறார், மேலே கயிறு பிடித்தவர் அப்பா. உள்ளேயிருந்து வீரபாண்டி, ரங்கா, நாத்தம் போச்சுடே, இனி சுகம் என்று சிரித்தாராம். அதற்குப் பிறகு குரலே வரவில்லையாம். நாறுனா மூக்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம், நாத்தம் சட்டுன்னு போச்சுன்னா ஓடணும், அது தெரியாமத்தான் அவன் சிரிச்சான் என்றார் அப்பா.

அப்போது பொன்மணி தன் நோட்டை எடுத்துவந்து படம் போட்டாள். உங்கள் குழியிலாவது முதலில் நாறும் அப்பா, அண்ணன் அடைக்கிற மீத்தேன் வாயுவுக்கு முதலிலிருந்தே வாசனை கிடையாது, அங்கே மீட்டர்தான் மூக்கு என்றாள். நிறமும் இல்லையாம். பரந்த வயலில் ஆளில்லாத கிணறுகள் யாருக்கும் தெரியாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்குமாம், அந்த மூச்சு மேலே போய்ப் போர்வை மாதிரி உலகத்தையே சுற்றிக்கொள்ளுமாம், உள்ளே சூடேறிப் பனி உருகிக் கடல் பொங்குமாம். இதைச் சொல்லும்போது அவள் கண் எங்கேயோ இருந்தது. கேட்ட எனக்கும், உறங்கும் பிள்ளையின் வாயருகே காதை வைத்த மாதிரி இருந்தது. அப்பா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்போ நம்ம அடுக்களைக்கு வந்த தண்ணியிலயும் அதுக்குப் பங்கு உண்டா மோளே என்று கேட்டார். கொஞ்சம் உண்டு என்றாள்.

இப்போது கேள். நீ குனிகிற ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் கழுத்தில் இருக்க வேண்டும், மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும். இது அப்பா சொன்னது. இந்த இடத்தில் நான், அந்த வேலையே வேண்டாம், ஊருக்கு வந்துவிடு என்று எழுதச் சொன்னேன். அவளும் எழுதினாள். அப்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த வரியை அடி, யாராவது அடைச்சுத்தானே ஆகணும், அவன் அடைக்கட்டும், பார்த்து அடைக்கட்டும் என்றார். அடித்துவிட்டாள். ஒரே கோடுதான் போட்டிருக்கிறாள், அடியில் எழுத்து தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள். அம்மன் உன் கூடவே நிற்பாள்.

உன் அம்மா
ஆவுடையம்மாள்