வலது பைப் புளியங்கொட்டை

சர்வேயர் சாருக்கு,

இன்று காலை பழைய காக்கிச் சட்டையை வெயிலில் போட எடுத்து உதறினேன். தானே புயலில் கூரை போனபோது நனைந்த துணிகளில் அதுவும் ஒன்று. எத்தனை முறை துவைத்தாலும் முடை நாற்றம் போகவில்லை. வலது பையின் தையல் இடுக்கிலிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்து, உருண்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில் போய் நின்றது. நாம் இரண்டு பேரும் பாலத்தடியில் சைக்கிள் எண்ணிய காலத்துக் கொட்டை. கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பென்சிலை எடுத்தேன்.

இதை நானே எழுதுகிறேன். யாரும் கை பிடிக்கவில்லை. எழுதிய வரியைத் திரும்பப் படித்தால் நான் நினைத்ததையே அது சொல்கிறது. எழுபதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கென்று வைத்திருக்கும் என்று யார் கண்டது? அறையில் நான் ஒருவன்தான். சத்தமாகவே சிரித்துக்கொண்டேன்.

சிரித்து முடித்ததும் சொல்ல ஆள் தேடினேன். மகன் கம்மாபுரத்தில் இருக்கிறான். பக்கத்து அறை காலி. முதலில் உங்கள் நினைப்புதான் வந்தது. ஆனால் எனக்குப் படிக்கத் தெரியும் என்றுதான் நீங்கள் கடைசி வரை நம்பியிருந்தீர்கள். நான் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்றால், அதற்கு முன்னால் இருந்த அத்தனை வருஷத்துப் பொய்யையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சுனாமி வந்த மறு வருஷம், ஊரில் சைக்கிளில் போகிறவர்களுக்கு வழி செய்ய ஆலோசனைக் குழு ஒன்று வைத்தார்கள். தலைவராக வந்த அம்மா ஓய்வு பெற்ற பேராசிரியை. என்னிடம்தான் கோலமாவு வாங்குவார். ஒரு நாள் படி அளந்து போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"குழுவுல எல்லாரும் கார்ல வராங்க. சைக்கிள்லயே பொழைக்கிறவர் ஒருத்தராவது வேணும். நீங்க வாங்க."

"எனக்கு என்னாம்மா தெரியும்?"

"எந்த ரோட்டுல எங்க பள்ளம்னு தெரியும்ல?"

"அது தெரியும்."

"அது போதும்."

முதல் கூட்டத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தீர்கள். கால்சட்டையின் வலது காலில் சைக்கிள் கிளிப் அப்படியே இருந்தது. நிலம் அளந்து ஓய்வு பெற்றவர் என்றார்கள். எல்லாருக்கும் தாள் கொடுத்தார்கள். எல்லாரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். நீங்கள் பக்கத்தைத் திருப்பும்போது நானும் திருப்பினேன். மூன்றாவது பக்கத்தில் சொல்லியிருப்பது சரியா என்று கேட்டீர்கள்.

"கண்ணாடி எடுத்துகினு வரல சார்" என்றேன்.

அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னேன். அதற்கடுத்ததிலும் சொன்னேன். சிதம்பரத்தில் உங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஒரு நாள், எல்லார் எதிரிலும் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினீர்கள்.

"உங்க கண்ணாடி வீட்டுல அடைகாக்குது போலருக்கு மாவுக்காரரே. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இத வச்சுக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தேன். சின்ன எறும்பாக ஊர்ந்தவை பெரிய எறும்பாக ஊர்ந்தன.

"தெரியுதா?"

"நல்லா தெரியுது சார்."

அது பொய்யில்லை. தெரியத்தான் தெரிந்தது.

கையெழுத்து போடுவேன். புள்ளி வைத்துக் கோலம் இழுப்பது போல என் பெயரை ஒரு படமாகப் பழகி வைத்திருந்தேன். "என்னைவிட உங்க கையெழுத்து அழகா இருக்குதே" என்று நீங்கள் சொன்னது உண்டு. அன்று முழுக்க மாவு மூட்டை கனக்கவில்லை.

ரயில் தண்டவாளத்துக்கு மேலே போகிற பாலத்தில் சைக்கிளுக்குத் தனி வழி வேண்டும் என்பதுதான் குழுவில் நான் கேட்ட ஒரே காரியம். அந்தப் பாலம் செங்குத்து. மூட்டை வைத்திருப்பவன் மிதித்து ஏற முடியாது. இறங்கித் தள்ளவேண்டும். தள்ளும்போது லாரி உரசிக்கொண்டு போகும். இரண்டு முறை நான் மூட்டையோடு விழுந்தேன். ஒரு முறை ரோடெல்லாம் வெள்ளையாகிவிட்டது. "மார்கழிக்கு முன்னாடியே கோலம் போட்டுட்டியா மாமா" என்று ஒரு மீன்காரர் கேட்டுக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டார்.

வழி வேண்டுமென்றால் எத்தனை பேர் போகிறார்கள் என்று கணக்கு வேண்டும் என்றார்கள். எண்ணும் வேலையை நாம் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம். பாலத்தின் இந்தப் பக்கம் ஏறுகிறவர்களுக்கு நீங்கள், அந்தப் பக்கம் ஏறுகிறவர்களுக்கு நான். நீங்கள் அட்டையில் கோடு போட்டீர்கள். எனக்குத் தாள் வேண்டாம், கொட்டை போதும் என்றேன். மடியில் புளியங்கொட்டைகளைக் கட்டிக்கொள்வேன். மிதித்துப் போகிறவருக்கு ஒன்றை எடுத்து இடது பையில் போடுவேன். தள்ளிப் போகிறவருக்கு வலது பையில். வலது பைதான் எப்போதும் தொங்கும். விடிந்து வெயில் ஏறும் வரை நிற்போம். பிறகு டீக்கடை பெஞ்சில் இரண்டு பையையும் தனித்தனியாகக் கொட்டுவேன். நீங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணி, இரண்டு இடத்தில் எழுதுவீர்கள். ஒரு கொட்டை கீழே விழுந்தால்கூட பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடுவீர்கள். "ஒரு ஆள உட்டுட்டுப் போகக் கூடாது மாவுக்காரரே" என்பீர்கள். அந்தக் காலை வேளைகள்தான் என் ஆயுசில் நான் ஒருவரோடு சேர்ந்து இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் தாளை என் பக்கம் தள்ளி, படித்துப் பார்த்துக் கையெழுத்து போடச் சொன்னீர்கள். கண்ணாடியைப் போட்டேன். போதிய நேரம் தாளைப் பார்த்தேன். கோலத்தை இழுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் அம்மா அதை வாசித்தார். பாலத்தில் சைக்கிள் குறைவு, நடப்பவர்கள்தான் அதிகம், ஆகையால் நடப்பவர்கள் ஏற ஓரத்தில் படிக்கட்டு வைக்கலாம் என்று பேச்சு போனது. எழுந்துவிட்டேன்.

"தப்பும்மா. அங்க சைக்கிள்தான் ஜாஸ்தி. நான் எண்ணியிருக்கேன்."

நீங்கள் அமைதியாகச் சொன்னீர்கள். "தள்ளிகிட்டுப் போறவங்கள நடக்கிறவங்க பத்தியில எழுதியிருக்கேன். ரெண்டு காலும் தரையில பட்டா பாதசாரிதானே? எங்க டிபார்ட்மெண்ட்ல எதையும் அப்படித்தான் பிரிப்போம்."

"சைக்கிள உட்டுட்டா சார் நடக்கிறாரு? அதையும் மூட்டையையும் சேத்துத்தானே தள்றாரு. படிக்கட்டுல அத எப்படி ஏத்துவாரு?"

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்து போட்டீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மூக்கின் மேல் நீங்கள் கொடுத்த கண்ணாடி இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளைத் திருத்தியிருப்பார்கள்.

"படிச்சேன்" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. அவமானம் வாயில் வேறு மாதிரி வந்தது. "பென்ஷன் வாங்கிகினு காத்து வாங்க சைக்கிள் ஓட்றவருக்கு மூட்டை கனம் என்னா தெரியும்?" என்றேன். நீங்கள் குனிந்து கால் கிளிப்பைச் சரி செய்துகொண்டீர்கள். கூட்டம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டீர்கள்.

படிக்கட்டு வந்தது. நாம் எண்ணிய கணக்குக்குக் கிடைத்த படிக்கட்டு. நான் எப்போதும் போல லாரிக்குப் பக்கத்திலேயே தள்ளினேன். நீங்கள் ஊரைக் காலி செய்து சிதம்பரத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டதாகத் தலைவர் அம்மா சொன்னார். வழியனுப்ப நான் வரவில்லை.

பல மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. "சிதம்பரத்துலேர்ந்து உங்க சர்வேயர் எழுதியிருக்காரு" என்று தபால்காரர் கொடுத்தார். பிரித்தேன். ஒரு பக்கம் எழுத்து. கீழே ஒரு படம். அது படிக்கட்டு என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒவ்வொரு படியையும் அளந்து வரைந்திருந்தீர்கள். கூட ஒரு காலி உறை, ஸ்டாம்ப் ஒட்டியது. படிக்கட்டை வரைந்து அனுப்பி என்னைக் குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். அந்தக் குத்தலை அப்போது வீட்டில் இருந்த மருமகள் வாயால் படிக்கக் கேட்க வேண்டுமா? எல்லாவற்றையும் ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு மூடினேன்.

நீங்கள் போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பதினாறாம் நாளுக்கு வந்தேன். உங்கள் சைக்கிள் மகள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. கிளிப்பை யாரோ கைப்பிடியில் மாட்டியிருந்தார்கள். உங்கள் மகள் எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"நீங்கதான் மாவுக்கார மாமாவா? அப்பா உங்களுக்கு லெட்டர் போட்டாரே, வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"தபால்காரர் வந்தா முதல்ல அவர்தான் வாசலுக்குப் போவாரு. கொஞ்ச நாள் இல்ல, ரொம்ப நாள். 'மாவுக்காரர் கோவம் இன்னும் ஆறல'ன்னு சொல்லிகிட்டே உள்ள வருவாரு."

குத்திக் காட்டியவர் எதற்குத் தபால்காரரைப் பார்த்து நிற்க வேண்டும்? காபி கையில் ஆறிப்போனது. டப்பாவைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணையே படிக்கச் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. நீங்கள் எனக்கு எழுதியதை நான்தான் முதலில் படிக்க வேண்டும் என்று திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு செய்தேன்.

எங்கள் தெருவில் அங்கன்வாடி டீச்சர் சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறார். எல்லாரும் பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். "இந்த வயசுல படிச்சு கலெக்டராவப் போறீங்களா?" என்று கேட்டார்கள். "ஒரு லெட்டரு பாக்கி கீது" என்றேன். நீங்கள் கொடுத்த கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் பஸ் நிலையத்தில் ஒரு பலகையில் எறும்புகள் திடீரென்று நின்றுவிட்டன. சிதம்பரம். கண்டக்டர் கூவுவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏறிப் போக அங்கே இப்போது ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புயலுக்குப் பிறகு, கூரை போட்ட மறுவாரம், டப்பாவைத் திறந்தேன். தகர டப்பா உங்கள் தாளைக் காப்பாற்றியிருந்தது. படிக்க மூன்று நாள் ஆனது. நீங்கள் எழுதியிருந்தது இது:

'அன்புள்ள மாவுக்காரருக்கு, நேற்று கடலூருக்கு வந்து அந்தப் படிக்கட்டைப் பார்த்தேன். ஒருவர் மீன் கூடையோடு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். நான் பத்தி பிரித்தது தவறு. தள்ளுகிறவரும் சைக்கிள்காரர்தான். படியின் ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டுச் சரிவு வைத்தால் சக்கரம் ஏறிவிடும். படத்தில் காட்டியிருக்கிறேன். கணக்கைத் திருத்த எண்ணிய இருவரின் கையெழுத்தும் வேண்டும். கீழே நான் போட்டுவிட்டேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் நேரில் வருகிறேன். எழுத மனம் வராவிட்டால், கூட வைத்திருக்கும் உறைக்குள் ஒரே ஒரு புளியங்கொட்டையைப் போட்டு அனுப்புங்கள். விலாசம் எழுதியிருக்கிறேன். எனக்குப் புரியும்.'

படத்தை மறுபடி பார்த்தேன். படிகளின் ஓரத்தில் ஒரு கோடு கீழிருந்து மேல் வரை போயிற்று. கைப்பிடி என்று நினைத்திருந்தேன். அதுதான் சரிவு.

ஒரு கொட்டை, சார். அதற்கு எழுத்தே வேண்டியிருக்கவில்லை.

குழு இப்போது எப்போதாவதுதான் கூடுகிறது. தலைவர் அம்மா தடி ஊன்றி வருகிறார். போன கூட்டத்துக்கு உங்கள் தாளை எடுத்துப் போனேன். அவர் கை நீட்டினார். "நானே படிக்கிறேம்மா" என்றேன். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. முடித்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னிக்குப் படிச்சேன்னு சொன்னது பொய். எனக்கு அப்ப படிக்கத் தெரியாது. சர்வேயர் மேல தப்பில்ல. கேக்க வேண்டியவன் கேக்கல."

தலைவர் அம்மா பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அவரு பக்கத்துல கையெழுத்து போடுங்க" என்றார். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டேன். இந்த முறை கோலமாக இழுக்கவில்லை, எழுத்தாக எழுதினேன். பழையது போல அழகாக இல்லை. கோணலாக இருந்தது. அது என் பெயர் என்று என்னால் படிக்க முடிந்தது.

சரிவு வந்துவிட்டது சார். பாலத்தின் இந்தப் பக்கத்தில் மட்டும். அந்தப் பக்கம் பிறகு ஆகும் என்கிறார்கள். நீங்கள் சொன்ன ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அளந்து பார்க்க நீங்கள் இல்லை.

இந்த மடலைப் பாதியில் வைத்துவிட்டு மத்தியானம் மாவு மூட்டையோடு பாலத்துக்குப் போனேன். இப்போது அரை மூட்டைதான் முடிகிறது. சக்கரத்தைச் சரிவில் வைத்து நான் படியில் ஏறினேன். முன்னால் ஒருவர் தண்ணீர்க் குடங்களோடு தள்ளிப் போனார். பின்னால் யாரும் இல்லை. மேலே போய் நின்று மூச்சு வாங்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அத்தனை காலை வேளைகளிலும் நாம் ஊரையே எண்ணினோம். என்னை நான் எண்ணவேயில்லை.

வலது பையில் வைத்திருந்த கொட்டையை எடுத்தேன். சைக்கிள்காரர்களுக்கான இடது பையில் போட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாவுக்காரர்