ஜேப்பிலிருந்து வந்த ஜெபம்

ஜூன் 3, செவ்வாய்

கணக்குப் பரீட்சை. அதைப் பற்றி மேற்கொண்டு பேச விருப்பமில்லை.

ஏழு மணிக்கு வழக்கம்போல் குடும்ப ஜெபம். நாலு பேரும் ஹாலில் கீழே உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆளுக்கு ஒரு ஜெபம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். "எங்களை உயர்த்துகிற ஆண்டவரே" என்றுதான் தினமும் ஆரம்பிப்பார், தொழில் புத்தி. அம்மா திரைச்சீலை தைக்கிற கடையில் இருக்கிறாள். அவள் ஜெபமும் தையல் மெஷின்தான், நூல் அறுந்தால்தான் நிற்கும். அடுத்தது தங்கச்சி விசில். முன்பல் விழுந்ததிலிருந்து "ஸ்தோத்திரம்" சொன்னால் விசில் வரும், பெயர் என் உபயம். கடைசியில் நான்: "இம்மட்டும் காத்தீர், இனிமேலும் காப்பீர், படிப்பில் ஞானம் தாரும்." இவர்கள் முடித்து எனக்கு ஆமென் வருவதற்குள் ஒரு ஆமை தெருவைக் கடந்துவிடும்.

இன்றைக்கு ஒன்று கவனித்தேன். ஜெபிக்கும்போது முன்முடியை வெட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வாய் அதுபாட்டுக்கு ஓடி, ஆமென் வரை போய், தானாக நின்றது.

அப்போ நான் எதுக்கு?

ஜூன் 4, புதன்

போனை சோபா தலையணைக்கு அடியில் வைத்து என் ஜெபத்தை ரெக்கார்டு செய்தாச்சு. "ஞானம் தாரும்" என்ற இடத்தில் விசில் ஒரு தும்மல் போட்டாள். வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இயல்பாக இருக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

வெற்றி!! போன் ஜேப்பில், தலை குனிந்து, கண் திறந்து. ஜேப்பிலிருந்து ஜெபம். அது ஜெபித்து முடிப்பதற்குள் நான் ரெண்டு பிஸ்கட் முடித்தேன் (ஊறவைத்து மெல்ல வேண்டும், சத்தம் வராது).

"இன்னைக்குத்தான் முழுங்காம தெளிவா ஜெபிச்சிருக்கே" என்றாள் அம்மா. முழுங்கினது பிஸ்கட்டை மட்டும்தான் அம்மா.

ஜூன் 8, ஞாயிறு

சிக்கல். தினமும் ஒரே நேரத்தில் விசில் தும்முகிறாள் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். விசில், "நான் தும்மவே இல்லம்மா" என்கிறாள். எல்லார் காதிலும் விழுந்த தும்மலை இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பொய் வேறு சொல்கிறாள் என்று ஒரு திட்டு கூடுதல்.

நான் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலிக்கிறது.

ஜூன் 9, திங்கள்

விசிலை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஏழு மணிக்கு மட்டும் வரும் தும்மலைக் கேட்டு டாக்டர் வெகுநேரம் யோசித்தாராம். மூக்குக்குச் சொட்டு மருந்து, படுக்கும் முன் ஆவி பிடிக்க வேண்டும். பரிசுத்த ஆவி இல்லை, வெந்நீர் ஆவி. போர்வைக்குள்ளிருந்து, "எனக்கே தெரியாம தும்முறேன் போல" என்று ஒரு சின்னக் குரல்.

கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

இன்றைக்கு விசில் அவளுடைய வழக்கமான ஜெபத்தைச் சொல்லவில்லை. "ஆண்டவரே, என் தும்மலை நிறுத்துங்க. அந்த மருந்து எரியுது. நான் பொய் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியும்ல? இவங்களுக்கும் சொல்லுங்க" என்றாள். விசில் சத்தம்கூட வரவில்லை, அழுகை வந்தது.

அடுத்தது என் முறை. கை பழக்கத்தில் ஜேப்புக்குள் போய் அமுக்கிவிட்டது. நிறுத்த வேண்டும் என்று மண்டைக்கு எட்டுவதற்குள் — தும்மல்.

விசில் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தும்மாத வாயை.

படுக்கும்போது கேட்டாள்: "அக்கா, நான் கேட்டதுக்கு ஆண்டவர் முடியாதுன்னுட்டாரா?"

"தூங்குடி" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் சொல்லலடி, என் ஜேப்பு சொல்லிச்சுன்னா?

ஜூன் 11, புதன்

ரெக்கார்டைப் போடவில்லை. வாயால் ஜெபித்தேன். தும்மல் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது. அப்பாடா.

ஜூன் 13, வெள்ளி

ஒன்றும் சரியாகவில்லை. தும்மல் நின்றது அற்புதமாம்! அம்மா போதகருக்கு போன் செய்ய, அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விசில் சாட்சி சொல்லட்டும் என்றுவிட்டார். அவள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறாள். "ஆண்டவர் என் மூக்கைத் தொட்டார்." அவர் தொடவே இல்லையே. முழுச் சபைக்கும் முன்னால் ஒரு குழந்தை நான் செய்த பொய்யை சந்தோஷமாகச் சொல்லப்போகிறது.

சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

மூணு பேர் கண்ணை மூடினால் நான் ஒருத்தி திறந்திருந்தேன், அது என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடாத இன்னொருவர் இருந்தார். நான் பிஸ்கட் தின்றதை தினமும் பார்த்துக்கொண்டு. அந்த ஒரு வாரமும் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? போனா?

அதைவிட மோசமான கேள்வி: அதற்கு முந்தின வருஷங்களில் மட்டும் வேறென்ன கேட்டது?

ஜூன் 14, சனி

"இன்னைக்கு நான் முதல்ல" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

யாரும் கண்ணை மூட வேண்டாம் என்று சொல்லி, போனை நடுவில் வைத்து அமுக்கினேன். இம்மட்டும் காத்தீர், இனிமேலும் காப்பீர், படிப்பில் ஞானம் — தும்மல் — தாரும். ஆமென்.

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் என் காதுக்கும் புரியவைத்தாள். போன் பீரோவுக்குள் போய்விட்டது, எப்போது வெளியே வரும் என்று தகவல் இல்லை. மிச்சமுள்ள சொட்டு மருந்து முழுக்க எனக்குத்தான் என்று விசில் ஒரு தீர்மானம் போட்டாள்.

அப்பா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில், "உன் ஜெபத்துக்கும் போனுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியலையே" என்றார். அடித்திருக்கலாம்.

"சரி, கண்ணை மூடுங்க" என்றார். "எங்களை உயர்த்துகிற —"

நின்றுவிட்டார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நிற்கிற மாதிரி. பிறகு அவருடைய ஜெபக் குரலே இல்லாமல், சாதாரணமாக, கொஞ்சம் கரகரப்பாக: "ஆண்டவரே, நானும் போன் இல்லாமலே இதைத்தான் பண்ணிட்டிருக்கேன். போன வாரம் வேலையில கால் வழுக்கிடுச்சு. இடுப்புல கட்டியிருந்த பெல்ட் பிடிச்சுது. வீட்ல சொல்லல. அதுலேர்ந்து மேல ஏறவே பயமா இருக்கு."

அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். எப்படித் தெரியும் என்றால், நானும் திறந்திருந்தேன். அம்மா நகர்ந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்றைக்கு அவள் ஜெபம் ஒரே வரி. நூல் அறுந்து போயிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

சாட்சியை ரத்து செய்துவிடலாம் என்றார்கள். விசில் சம்மதிக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நான் தும்மல. எங்க அக்கா போன்தான் தும்முச்சு. நான் எனக்காக ஜெபம் பண்ணினேன், அக்காவுக்கு சரியாச்சு. ஸ்தோத்திரம்."

விசில் சத்தம் ஸ்பீக்கரில் கடைசி வரிசை வரை போனது. போதகர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் பெஞ்சுக்கு அடியில் போகப் பார்த்தேன். இடமில்லை.

ஜூன் 16, திங்கள்

என் முறை வந்தது. "இம்மட்டும்" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். வேறு வார்த்தையும் இல்லை. "ஆண்டவரே, நான்தான். நான்தான்னு உங்களுக்குத் தெரியும். வேற ஒண்ணும் இல்ல." ஆமென் சொல்ல மறந்துவிட்டேன், அம்மா சொன்னாள்.

என் வாழ்க்கையிலேயே மட்டமான ஜெபம். ஆனால் முன்முடி ஞாபகம் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றைக்குக் கணக்கு மார்க்கைப் பற்றி அவரிடம் சொன்னேன், சத்தமாக. அம்மாவும் இருக்கிறாள் என்பது ஆமெனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஜூன் 27, வெள்ளி

இத்தனை நாள் கீழே நின்றே வேலை பார்த்த அப்பா, இன்று திரும்ப மேலே ஏறவேண்டிய நாள். ஏறி, இறங்கி, வீட்டுக்கும் வந்து கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். இருந்தாலும் ஏழு மணி ஜெபத்தில் எனக்கு இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. நன்றி, அப்புறம் நாளைக்கு, நாளன்னைக்கு, அந்த பெல்ட், என்னென்னவோ.

படுக்கப் போகும்போது விசில் சொன்னாள்: "நீ ஜெபம் பண்ணும்போது நான் நிஜமாவே தும்மிட்டேன் அக்கா. மூணு பேரும் கண்ணைத் திறந்து உன் ஜேப்பைத்தான் பார்த்தோம். நீ பாட்டுக்குப் பேசிட்டே இருந்தே."

எனக்குத் தும்மலே கேட்கவில்லை.