மானின் கண்ணுக்குப் பட்ட சட்டை

பார்க்கிங் நகர், கிழக்கு லண்டன்
ஐப்பசி 2006

அன்புள்ள எமில்டா,

மன்னாரில் மழை தொடங்கியிருக்கும். பிள்ளைக்கு இருமல் குறைந்துவிட்டதா? மாதாவின் புண்ணியத்தில் நான் சுகம்.

எங்கள் லோன்றியில் ஒரு பகிடி நடந்தது. வேட்டைக்குப் போகிற வெள்ளைக்காரர் ஒருவர், இலையும் சருகுமாக நிறம் போட்ட உடுப்பைத் துவைக்கத் தந்தார். பளிச்சென்று வரட்டும் என்று விலை கூடிய பவுடர் போட்டுத் துவைத்தேன். மறுகிழமை வந்து கத்தினார். மரத்தோடு மரமாக நின்றும் மான்கள் அவரை நேரே பார்த்துவிட்டு ஓடினவாம்.

முதலாளி கிருஷ்ணராசா அண்ணைதான் எனக்கு விளங்கப்படுத்தினார். "மானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதடாப்பா. ஆனா அந்தப் பவுடரின்ர மினுக்கம் நீல வெளிச்சமாத் தெரியுமாம். எங்கட கண்ணுக்குத்தான் அவர் மரம். மானுக்கு அவர் லைற் போஸ்ற்."

இன்னொன்று, யோசிக்காதே. என் அகதி வழக்கின் கடைசி அப்பீலும் தள்ளுபடியாகிவிட்டது. இனிச் சனத்தோடு சனமாக ஒளிந்து திரியலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று பிளேஸ்டோவில் பஸ் நிறைய ஆட்கள் இருக்க, என் அறைக்கூட்டாளி லதீசனை மட்டும் இமிக்கிரேசன்காரர் இறக்கிக் கொண்டு போனார்கள். அவனில் எதைக் கண்டார்களோ தெரியவில்லை. அறைக்கு வந்ததும் என் சட்டைகளையெல்லாம் வெறும் தண்ணீரில் அலசிப் போட்டேன்.

என்னுடைய பழைய சாம்பல் நிறச் சட்டையை அனுப்பிவிடு. நீலம் போடாதே. பிள்ளையின் படம் ஒன்றும் அதற்குள் வை.

ஷிப்டுக்கு நேரமாகிறது. ஆனால் லதீசனும் இருந்த இந்த விலாசத்துக்கு மட்டும் எதையும் அனுப்பாதே. வேறு விலாசம் இன்னும் இல்லை.

உன்
மேர்வின்