ஐந்தாவது ஆள்

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்றும் ஓடைக்குள் ஒரு மணி நேரம். அதிகாரிகளின் செக்கிங் ஜீப் வருகிறதென்று தகவல் வந்ததும் போர்மேன் வெள்ளைத்துரை விசில் ஊதினார். பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் சட்டப்படி நான்கு பேர்தான் இருக்கலாம். தீபாவளி சீசன், அதனால் ஐந்து. எங்கள் அறையின் ஐந்தாவது ஆள் நான். அறைக்கு ஒருத்தியாகக் கம்பெனிக்குப் பின்னால் தலை தெரியாமல் குந்தியிருந்தோம். சேறு, கருவேல முள், கொசு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மகள் ஓவியாவுக்கு அடுத்த மாதம் காலாண்டுப் பரீட்சை. பத்தாவது. புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்டேன். முதல் உலகப் போரில் ஏன் பதுங்குகுழி வெட்டினார்கள்? இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் வெட்டவெளியில் நின்றவன் பிழைக்கவில்லையாம். வருஷக்கணக்கில் இரண்டு பக்கமும் குழிக்குள்ளேயே. எலி, பேன், தண்ணீரில் அழுகிய பாதம். அதிகாரி விசில் ஊதினால் மேலே ஏற வேண்டும். எங்களுக்கு ஊதினால் இறங்க வேண்டும். சிரித்துவிட்டேன், அவள் முறைத்தாள்.

குழி ஏன் நேராக இல்லை, வளைந்து வளைந்து போகிறது?

"ஒரு குண்டு உள்ள விழுந்தா அம்புட்டுப் பேரும் சாகக்கூடாதுல்லம்மா."

25 ஆகஸ்ட்

நாலு பேர் கணக்கும் அதற்குத்தானே? வெடித்தால் ஐந்தாவது ஆளின் பெயர் ரெஜிஸ்டரில்கூட இருக்காது. நான் செத்தேன்னு எவன் சொல்லுவான்?

2 செப்டம்பர், செவ்வாய்

அடுத்த விசிலுக்கு இறங்க மாட்டேன் என்று எதிரில் உட்காரும் சோலையம்மாளிடம் சொன்னேன். ஐந்து பேரைப் பார்த்து அதிகாரிகள் கம்பெனியை மூடினால் என் பிள்ளைக்கு நீ தீபாவளித் துணி எடுப்பாயா என்றாள். அதற்காக இறங்குவேனா? மாட்டேன்.

11 செப்டம்பர், வியாழன்

விசில். உட்கார்ந்தே இருந்தேன். வெள்ளைத்துரை ஓடிவந்தார்.

"ஏ மாரித்தாயி, ஓடைக்குப் போ தாயி. ஜீப்பு கேட்டுக்கு வந்துருச்சு."

"நீங்க போயி உக்காருங்க அண்ணாச்சி. நான் போகல."

அதிகாரி எண்ணினார். ஐந்து.

12 செப்டம்பர்

கம்பெனி பத்து நாள் மூடல். குழாயடியில் ஒருத்தியும் பேசவில்லை. பேசாட்டிப் போங்கடி. உயிரோடு இருந்துதானே கோபப்படுகிறீர்கள்.

22 செப்டம்பர், திங்கள்

திறந்தார்கள். வேன் தெருமுனைக்கு வந்தது. எனக்கு வேலை இல்லை என்றார் வெள்ளைத்துரை. ஏறிக்கொண்டிருந்த சோலையம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, அவரிடம்தான் சொன்னாள். "அறை வெடிச்சா சாகுறது நாங்களுந்தான. இவ ஏறாம நாங்க வரல. ஆர்டர் கெடக்குல்ல, நீங்களே செலுத்திக்கிருங்க."

வேனுக்குள் யாரும் மறுக்கவில்லை. வெள்ளைத்துரை கால் மணி நேரம் முதலாளியிடம் போனில் பேசினார். பிறகு என்னைப் பார்க்காமலே, ஏறு என்றார்.

26 செப்டம்பர், வெள்ளி

ஐந்தாவது ஆட்களுக்கென்று, பூட்டிக் கிடந்த இரண்டு அறைகளைத் திறந்துவிட்டார்கள். அறைக்கு நாலு பேர். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். ஓடையில் ஆடு மேய்கிறது.

ஓவியா பரீட்சையில் பதுங்குகுழிக் கேள்வி வரவே இல்லையாம். வீணாப் படிச்சோம்மா என்கிறாள்.